வெறும் துணி வந்த நாள்

கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேச வைப்பது என் மருமகனுக்கு வேலை. முன்பு ஒவ்வொரு கம்பெனிக் கம்ப்யூட்டரும் ஒவ்வொரு விதமாய்ப் பேசுமாம். பிறகு பல நாட்டார் கூடி விதி எழுதினார்களாம். சேதிக்கு அடுக்கடுக்காய் உறை, ஒவ்வொரு அடுக்கும் தன் உறையை மட்டும் பிரிக்கும், வந்து சேர்ந்தது என்று பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும் என்று போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பாதி குழப்பம். ஆனால் அந்த உறைகள் எனக்குத் தெரிந்தவை. யாரையும் கூட்டாமல் என் அம்மா ஆந்திர எல்லையில், நகரியில் கட்டியவை.

நான் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது அக்காவைத் திருப்பதியில், அலிபிரிப் பக்கம் கொடுத்திருந்தது. முழுகாமல் இருந்தாள். அம்மா அனுப்பும் புளிச்சோற்று மூட்டைக்கு மூன்று துணி. மேலே சிவப்பு. எந்தக் கண்டக்டர் வந்தாலும் சிவப்பு என்றால் திருப்பதி பஸ் ஸ்டாண்டுப் பூக்காரியிடம் இறக்கிவிடுவார். அவள் அதை அவிழ்த்தால் மஞ்சள், அது அக்கா வீட்டுக்கு. மாமியார் மஞ்சளை அவிழ்த்துத் தன் வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டு, உள்ளேயிருக்கும் வெள்ளையை அக்காவிடம் கொடுப்பாள். அடுத்தவர் முடிச்சை யாரும் தொடுவதில்லை. அந்த வெள்ளைத் துணியில் ஒரு முடிச்சுப் போட்டு, வந்த வழியே அக்கா திருப்பி அனுப்புவாள். அந்த முடிச்சைப் பார்த்தால்தான் அம்மாவுக்கு நிம்மதி.

மதராசில் படித்துவிட்டு வந்த அம்மாவின் தம்பிக்கு, என் மாமாவுக்கு, இதைப் பார்த்துச் சிரிப்பு.

"இம்மாம் முடிச்சு இன்னாத்துக்குக்கா? டப்பா மேல அட்ரஸ் எழுதிட்டேன், தன்னால போய்ச் சேரும்."

"செவப்புத் துணி இல்லன்னா எங்கடா எறக்குவான்?"

"படிச்சவன் பேச்சக் கேளு."

சோற்றோடு வெள்ளைத் துணியை மட்டும் உள்ளே வைத்த டப்பாவை பஸ்ஸில் வைத்துவிட்டுப் பெருமையாக வந்தார். வெள்ளைத் துணி திரும்பி வரவில்லை. அம்மா சோற்றைத் தொடாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு சாயங்காலம் கண்டக்டர் டப்பாவை ஏற்றிய இடத்திலேயே இறக்கினார்.

"எர்ர குட்ட, செவப்புத் துணி, இல்லியேம்மா. தமிழ் எழுத்து நாக்கேமி தெலுசு, எனக்கின்னா தெரியும்? ஊரெல்லாம் சுத்திக்கினு வந்துச்சு உங்க டப்பா."

அட்ரஸ் மேலேயே இருக்கிறதே, ஏன் போகவில்லை? எனக்கு விளங்கவில்லை. மாமா கொல்லைப் பக்கம் போய்விட்டார். அம்மா ஊசிப்போனதைக் கொட்டிவிட்டு, புதிதாய்க் கிளறி, மூன்று துணியும் கட்டி அனுப்பினாள்.

மறுநாள் வெள்ளைத் துணி வந்தது. அம்மா அதை முகத்தில் ஒற்றிக்கொண்டு அழுதாள். நான் பிடுங்கி முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன்.

"ஒண்ணுமே இல்லியேம்மா. வெறுந்துணிக்கா அழுவுற?"

 அம்மா துணியை மடியில் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். அத்தனையும் தின்றுவிட்டு எனக்கு ஒரு மிட்டாய்கூட முடிந்து அனுப்பவில்லையே என்று, அக்கா மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.