சைவ வீட்டில் ஒரு நட்சத்திர மீன்

"சைவந்தானே?" என்று வீட்டுக்காரம்மா கேட்டபோது நான் தலையாட்டிய வேகத்துக்காகவே அந்த வீடு எனக்குக் கிடைத்தது. தேரடிக்குப் பக்கத்துத் தெரு. எண்பதுகளின் தொடக்கம். ஒரு டுடோரியலில் விலங்கியல் வாத்தியாராக இருந்தேன். புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. கோயில் பக்கம் வீடு பார்த்தால்தான் பெண்ணை அனுப்புவேன் என்று மாமனார் கீழ்பென்னாத்தூரில் அழுத்தமாக உட்கார்ந்திருந்தார். தை பிறந்ததும் அழைத்து வருவதாகப் பேச்சு. ஆக, அந்த ஒற்றை அறையும் சமையற்கட்டும்தான் என் இல்லறம்.

வீட்டுக்காரம்மாவுக்கு என்னைப் பிடிக்காது. தினமும் காலையில் என் ஜன்னலோரம் நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பார். முட்டை வாடைக்கான சோதனை. எனக்கும் அவரைப் பிடிக்காது. ஆனால் சிரிப்பேன். குடியிருப்பவனுக்குப் பல் எப்போதும் வெளியே தெரிய வேண்டும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் நட்சத்திர மீனைக் கொண்டுவந்தேன். என் மாணவர்கள் அதைப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். பாண்டிச்சேரிக் கடற்கரையில் மீனவர்கள் வலையை உதறியபோது விழுந்தது. அதன் ஐந்து கைகளில் ஒன்று நுனியில் கிழிந்திருந்தது. கடல் தண்ணீரோடு வாளியில் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். மறுநாள் ஞாயிறு, டுடோரியல் பூட்டியிருக்கும். அதனால் வாளி சமையற்கட்டில் இருந்தது. இரவல் வாங்கிய மைக்ராஸ்கோப் அலமாரியில்.

காலையில் பல் விளக்கிவிட்டு வந்தால், வாளி முன்னால் வீட்டுக்காரம்மா நிற்கிறார். கையில் சாணித் தண்ணீர்ச் சொம்பு. தீட்டுப் போக அறையெல்லாம் தெளித்துவிட்டு, மிச்சத்தை வாளிக்குள் ஊற்றியிருந்தார்.

"இன்னா இது வாத்தியாரே? மீனா? என் வூட்லயா?"

"மீன் இல்லம்மா. இதுக்கு முதுகெலும்பே கெடையாது."

"உனக்குந்தான் கெடையாது. உங்கிட்ட நான் வாடகை வாங்கல?"

"சாணியை ஏம்மா உள்ள ஊத்துனீங்க? அதுல கிருமி ஜாஸ்தி."

"சாணி கிருமியைக் கொல்லும்யா. தெனம் தெளிக்கிறோம், எவன் செத்தான்? சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணு. பொண்டாட்டிய இட்டுனு வர வேற எடம் பாத்துக்கோ."

வீடு போனால் மனைவியும் வர மாட்டாள். மன்னிப்புக் கேட்டு வாளியைத் தூக்கியிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பேன். ஆனால் எனக்குள் இருந்த வாத்தியார் விடவில்லை.

"இது ரொம்ப சுத்தமான ஜீவன்மா. கிருமி வந்தா தானே தன்னைக் காப்பாத்திக்கும். வந்து பாருங்க, காட்டுறேன்."

முற்றத்து வெயிலில் மைக்ராஸ்கோப்பை வைத்து, கிழிந்த கையிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் விட்டேன். அற்புதமாக இருந்தது. பொடிப்பொடியாகக் கிருமிகள் துள்ளின. உடம்புக்குள் திரியும் செல்கள் மெதுவாகக் கால் நீட்டி, ஒன்றோடொன்று ஒட்டி, அவற்றைச் சுற்றி வளைத்தன. மூளை என்று ஒன்று இல்லாத பிராணி; வைத்தியமெல்லாம் உள்ளேயே வைத்திருக்கிறது.

வீட்டுக்காரம்மா ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் எழவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"துளித்துளியா ஓடுதே, அது இன்னா?"

"நீங்க ஊத்துன சாணியில இருந்த கிருமிம்மா."

"அதுக்கு உசுரு கீதா?"

"நல்லாவே இருக்கு!"

"இந்தப் பெருசு அத்த இன்னா பண்ணுது?"

"முழுங்குதும்மா!" என்றேன், பூரித்துப்போய்.

அவர் நிமிர்ந்தார்.

"உசுரோட புடிச்சு முழுங்குது. என் சமையக்கட்டுல. அத்த சுத்தம்னு என்கிட்டயே காட்டுற."

இத்தோடாவது நிறுத்தியிருக்கலாம்.

"அம்மா, உங்க உடம்புலயும் இதே மாதிரி செல்லுங்க இருக்கு. அதுங்களும் இப்ப முழுங்கிட்டுத்தான் இருக்கும்."

"யாரு உடம்புல?"

"உங்க… நம்ம எல்லார் உடம்புலயும்."

"எங்க பரம்பரையில ஒருத்தர் முட்டை தொட்டதில்ல. என் உடம்பு கவுச்சின்றியா? சாயங்காலம் வரைக்கும் வாணாம். இப்பவே எடுய்யா!"

முதலில் என் குக்கர் தெருவுக்கு வந்தது. பிறகு பாய். மைக்ராஸ்கோப்பை நான் கட்டிப்பிடித்துக்கொண்டதால் அது மட்டும் தப்பியது.

நட்சத்திர மீன் அந்தச் சாணியையும் தாங்கித் திங்கட்கிழமை வரை உயிரோடு இருந்தது; மாணவர்கள் பார்த்தார்கள். எனக்கு வேங்கிக்காலில், சுற்றிலும் முள்வேலியும் தரிசுமாக இருந்த இடத்தில், ஒரு தகரக் கூரை கிடைத்தது. நடந்ததையெல்லாம் மனைவிக்குக் கடிதத்தில் எழுதினேன். மாமனார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தையில் தனியாக வந்து இறங்கிய மனைவி டிரங்குப் பெட்டியைக் கீழே வைக்காமலே கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"அந்தம்மா உடம்பப் பத்தி உங்கள யாரு கேட்டா?" என்றாள். இல்லறம் தொடங்கியது.