ஒட்டாத அணு

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு அவள் பெயரில் எழுதியிருக்கும். ஏழு வருடத்துக்கு முன் இரண்டு பை உடுப்போடு சாய்ந்தமருதில் மாமியின் வளவுக்கு மாப்பிள்ளையாகப் போனவன் நான். பிள்ளை இல்லை. குறை மகளிடம்தான் என்று மாமியே தீர்மானித்து, சம்மாந்துறைப் பரிசாரியிடம் கசாயம் வாங்கி வந்து விடியற்காலை சுபஹ் தொழுகைக்குப் பிறகு அவளுக்குக் கொடுப்பார். அதன் வாடையே வாசலைத் தாண்டி வரும். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். நான் பக்கத்தில் இருந்து தேநீர் குடிப்பேன்.

ஒருநாள் அவளுக்குச் சொல்லாமல் மட்டக்களப்புக்குப் போய் என்னைச் சோதித்துப் பார்த்தேன். விந்தணுவின் எண்ணிக்கை சரி, நீச்சலும் சரி. பிறகு வைத்தியர் கண்ணாடியைக் கழற்றினார்.

“விந்தணு வளர்ற நேரம் சில மரபணு வேலை செய்யத் தொடங்கி, முட்டையில ஒட்டுறதுக்கான புரதத்தச் செய்யணும். ஒங்கடதுல அது சரியா நடக்கல்ல போல. போய்ச் சேரும், ஒட்டாது.”

“மருந்து இருக்கா டொக்டர்?”

“இல்ல. ஆனா ஊசியால அணுவ முட்டைக்குள்ள வைக்கலாம். மனுசியையும் கூட்டிக்கிட்டு வாங்க.”

கூட்டிப் போவதென்றால் சொல்ல வேண்டும். சொன்னால் மாமிக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அந்த இரண்டு பையையும் திரும்பக் கட்ட வேண்டிவரும் என்று பயந்தேன். அறிக்கையை ஒளிக்க எனக்கென்று ஓர் இடமில்லை. அலுமாரி சீதனம், மேசை சீதனம். கடைசியில் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைத்தேன். அதுவும் மாமா தந்ததுதான். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வழியில் ஒன்றுமில்லை, வீட்டு வாசலில்தான் பயம். சைக்கிளை யாராவது தொட்டாலே ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்பேன்.

மூன்று மாதம் அப்படியே போனது. ஒரு காலை, மாமி கிணற்றடியில் இருந்த நேரம், கசாயக் கோப்பையோடு நின்றவளின் கையைப் பிடித்தேன்.

“குடிக்காத. கோளாறு என்னிலதான்.”

“ஓம், தெரியும். சீட்டுக்கடியில இன்ஷூரன்ஸ் கடதாசி தேடக்குள்ள கண்ட நான். ரெண்டு மாசமாச்சு.”

“பொறகு ஏன் இதக் குடிக்கிற?”

“நான் நிப்பாட்டினா உம்மா ஏனெண்டு கேப்பா. நீங்க போயிருவீங்களோ எண்டு பயம்.”

மாமியின் செருப்புச் சத்தம் நெருங்கியது. கோப்பையைப் பறித்து ஒரே மூச்சில் நானே குடித்தேன். நாக்கு மரத்துப்போனது, இதைத்தான் அவள் இத்தனை நாளும் குடித்திருக்கிறாள். மாமி உள்ளே வந்தபோது வெறுங்கோப்பை என் கையில்தான் இருந்தது.