சலோமி அக்கா கேட்டது

செங்கலடிச் சந்தையில் முருங்கைக்காய்க்கு விலை பேசிக்கொண்டு நின்றபோது கைபேசி அடித்தது. செட்டிபாளையத்திலிருந்து வசந்தி பேசினாள், சலோமி அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி. "ஐயா, அக்கா மோசம் போயிட்டா. விடிய இடியப்பத்துக்கு மாக் குழைச்சு வச்சிட்டுக் கொஞ்சம் சாய்ஞ்சவ, எழும்பல்ல" என்றாள். நான் பதிலுக்கு, "மாவை என்ன செய்தீங்க?" என்று கேட்டேன். எத்தனையோ சாவீடுகளில் ஆறுதல் சொல்லிப் பழகிய போதகரின் வாய்க்கு அந்த நேரம் வந்தது அதுதான். வசந்தி கோபிக்கவில்லை. "அவிச்சு, வந்த ஆக்களுக்குக் குடுத்திட்டம்" என்றாள்.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இடியப்பம் அவித்து விற்றுப் பிழைத்தவர். களப்பில் தோணி வைத்திருந்த கணவர் முந்தியே காலமாகிவிட்டார். ஒரே மகன் ரூபன். அங்கே நான் போதகராக இருந்த சின்னச் சபையில் அவருக்கு எந்தப் பதவியும் இருந்ததில்லை. ஆனாலும் நோய் நொடியென்று வருத்தக்காரர் போதகர் வீட்டைத் தாண்டி அவர் வீட்டுக்குத்தான் போனார்கள். எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. இன்னொன்றையும் இனி ஒளிக்க வேண்டியதில்லை. நம்பிக்கை இல்லாத போதகராக நான் ஐந்து வருடம் பிரசங்கம் செய்திருக்கிறேன். அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

நான் அந்த ஊருக்குப் போன புதிதில், வெல்லாவெளிப் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் போத்தலும் கையுமாக வருவார்கள். அநேகமாக இந்துக்கள். "தண்ணி ஓதித் தாங்கக்கா" என்பார்கள். நம் பக்கத்தில் காய்ச்சலுக்கும் பயத்துக்கும் தண்ணீர் ஓதிக் குடிப்பது பழக்கம்தானே. ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் இந்தத் தண்ணீர் ஓதுவதைக் கண்டித்து முழங்கித் தள்ளினேன். ஆராதனை முடிந்து அக்கா வந்தார். "ஐயா பிழையாச் சொல்லல்ல. கொஞ்சம் நீட்டிப் போட்டீங்க" என்றார். பிறகு, "நான் என்னத்த ஓதுற? எனக்கு மந்திரம் தெரியா. நான் கேக்கிறன், அவ்வளவுதான்" என்றார். மறுநாள் ஒளித்து நின்று பார்க்காத குறையாக அவர் வீட்டுக்குப் போனேன். வந்த பெண்ணிடம் போத்தலைத் திருப்பிக் கொடுத்து, "இது தாகத்துக்குக் குடிக்க. எங்க நோகுது எண்டு சொல்லு புள்ள" என்று கேட்டு, ஒரு மணித்தியாலம் அவள் கதையைக் கேட்டார். பிறகு இரண்டு வரியில் ஜெபம். கடைசியில், "மறுகா ஆசுபத்திரிக்கும் போ, என்ன" என்றார். சிலர் சுகமானார்கள், சிலர் ஆகவில்லை. இரண்டையும் அவர் மறைத்ததில்லை.

சுனாமி வருடம், கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மறுநாள், கடல் ஊருக்குள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தோம். கோயில் கடலை விட்டுத் தள்ளி, களப்பு ஏரிப் பக்கம் இருந்ததால் சுவர்கள் நின்றன. ஓடித் தப்பிய சனமெல்லாம் உள்ளே வந்தது. ஒரு தாய் நான்கு வயதுப் பிள்ளையைத் தூக்கிவந்து என் காலடியில் கிடத்தினாள். "செபம் பண்ணுங்க ஐயா. நீங்க சொன்னா எழும்புவான்." மரித்தவர்கள் எழுந்ததைப் பற்றி எத்தனையோ ஞாயிறு பேசியவன் நான். பிள்ளையின் நெற்றியில் கை வைத்தேன். குளிர்ந்திருந்தது. கையை எடுத்துக்கொண்டு, ஜெபம் பண்ணாமலே பின் வாசலால் வெளியே போய்விட்டேன். அந்த வெட்கம் இன்றும் எனக்கு உண்டு.

திரும்பி வந்தபோது பிள்ளை சலோமி அக்காவின் மடியில் கிடந்தது. காதுக்குள் அடைத்திருந்த மண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். அவனை எழுப்பித் தரும்படி அவரும் கேட்கவில்லை. தாயிடம், "இவன்ட பேரென்ன கா? என்ன குழப்படி செய்வான்? நீ சொல்லு, நான் கேக்கிறன்" என்றார். அவள் மத்தியானம் திரும்பும்வரை சொன்னாள்.

அகதிகளாகப் பள்ளிக்கூடத்தில் இருந்த நாட்களில் அவரிடம் சொன்னேன். "அக்கா, எனக்குள்ள ஒண்டுமில்ல. இனிப் பிரசங்கம் பண்ணினா அது பொய்." அவர் மா அரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒண்டுமில்லாட்டிப் பரவாயில்ல. சனத்துக்கு இப்ப சொல்லாதீங்க, அதுகளுக்கு இரிக்கிற துக்கமே போதும். ஆண்டவருக்குச் சொல்லுங்க. அவருக்குத் தெரிஞ்சதுதான், எண்டாலும் வாயால சொல்லுங்க." நான் சொல்லவில்லை. இல்லாத ஒருவரிடம் என்னத்தைச் சொல்வது? கூலிக்கு மாரடிப்பதுபோல ஞாயிறுதோறும் மேடை ஏறி இறங்கினேன்.

அந்தக் காலத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் ஒலிபெருக்கியோடு வந்து சுகமளிக்கும் கூட்டம் வைத்தார். "வல்லமை இறங்குது!" என்று அவர் கத்திய கத்தலில், காலூனமான ஒரு கிழவர் ஊன்றுகோலை மேடையில் எறிந்துவிட்டு நாலடி நடந்தார். சனம் கைதட்டி அழுதது. அக்காவையும் மேடைக்கு ஏற்றினார்கள். அவர் ஒலிவாங்கிப் பக்கம் போகவே இல்லை. ஊன்றுகோலைக் குனிந்து எடுத்துக்கொண்டு இறங்கி, கிழவரின் பக்கத்தில் போய் இருந்தார். "நாளைக்குத் தேவைப்படாட்டி அடுப்புக்கு வைப்பம், அப்பு" என்றார். மறுநாள் தேவைப்பட்டது. வல்லமை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்தக் கிழவர்தான் ஞாபகம் வருவார். அவமானப்படாமல் வீடு போய்ச் சேர்ந்தார்.

இனிச் சொல்வது கஷ்டமானது. ரூபனைப் பதினேழு வயதில் இயக்கம் தன் படைக்குக் கொண்டுபோயிருந்தது. கடைசியாக அவனை வன்னியில் கண்டதாக யாரோ சொன்னார்கள். யுத்தம் முடிந்ததும் அக்கா அவனுடைய படத்தோடு வவுனியா முகாம்களுக்கு அலைந்தார். அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். ஒரு செய்தியும் இல்லை. "ஊருக்கெல்லாம் கேட்டவ, சொந்தப் புள்ளைக்குக் கேக்கத் தெரியல்லையே" என்று ஊர் கதைத்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மூன்று நாள் அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று வசந்தி வந்து சொன்னாள்.

போனேன். பாயில் சுருண்டிருந்தார். "ஐயா, எனக்கு வாய் வருகுதில்ல. இண்டைக்கு நீங்க கேளுங்க" என்றார்.

"உங்களுக்குத் தெரியும்தானே அக்கா. எனக்கு நம்பிக்கை இல்ல."

"நம்பிக்கை என்னட்டக் கிடக்கு, வாய்தான் இல்ல. உங்களிட்ட வாய் கிடக்கு. சேத்தா ஒரு ஆளாகும்."

முழங்காலில் நின்றேன். பரமண்டலம், கிருபை என்று நான் பழகிய சொல் ஒன்றும் நாக்கில் வரவில்லை. "ரூபன் எங்கே?" என்றேன். மறுபடியும், "ரூபன் எங்கே? உமக்குத் தெரியும். இந்தத் தாய்க்குச் சொல்லும்!" என்றேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. கடற்கரையில் புதைத்த பிள்ளைகளின் பெயர்களையெல்லாம் சொல்லிச் சொல்லிக் கத்தினேன். நெஞ்சு நோகும்வரை கத்திய பிறகுதான் உறைத்தது: இல்லாத ஒருவரோடு யாரும் இப்படிச் சண்டை பிடிக்க மாட்டார்கள். அக்கா எழும்பி உட்கார்ந்து, "ஆமென்" என்றார். "இதைத்தானே ஐயா அஞ்சு வருசமாச் சொல்லச் சொன்ன நான்." பிறகு தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினார்.

ரூபன் வரவில்லை. அதை மறைத்து ஒரு சாட்சி எழுத அவர் என்னை விட்டிருக்க மாட்டார். ஒருமுறை, "ஆண்டவர் கேக்கிறார் எண்டு எப்படி அக்கா சொல்லுறீங்க?" என்று கேட்டேன். "நாம செய்யிறதும் கேக்கிறது, அவர் செய்யிறதும் கேக்கிறது. குடுக்கிறதுக்குத்தானே ஐயா வேற சொல்லு" என்றார். நான் படித்த வேதசாத்திரத்தில் இதைவிடக் கடினமான பாடம் இருக்கவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். மரணத்தை வென்ற வசனங்களைச் சொன்னேன். எல்லாவற்றையும் நம்பித்தான் சொன்னேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன். அவருடைய சுகமளிக்கும் வரம் யாருக்கு வந்தது என்று சிலர் என் கையைப் பார்த்தார்கள். எனக்கு வரவில்லை. ஆனால் மண் போட்டு மூடியபோது ஒன்று விளங்கியது. ரூபனுக்காகக் கேட்க இனி ஊரில் ஆள் இல்லை. கந்தோர்களில் அவனுடைய படமும் மங்கியிருக்கும். ஆகவே அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். தினமும் எழும்பியதும், முகம் கழுவுமுன், ரூபன் எங்கே என்று கேட்கிறேன்.

இன்று காலை குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"விடியக் காலமே ஆரோட சண்டை?"

"ஆண்டவரோட" என்றேன்.