மூட் அவுட் மாமா

கடலூர் அருள்முருகன் கல்யாணமான புதிதில், புடவைக்கடைக்குத் துணை போவதிலிருந்து தப்பிக்க ‘மூட் அவுட்’ என்று ஒரே ஒரு பொய் சொன்னார். அன்றிலிருந்து அவர் சற்று மௌனமானாலும் போதும், மனைவி பவானி அவரை அறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிடுவாள்.

இன்று சிதம்பரத்தில் மச்சான் சிலம்பரசன் வீட்டு விருந்து, பரங்கிப்பேட்டை நண்டு. அக்காவையும் மாமாவையும் அழைத்துப்போக அவனே வந்திருந்தான். காலையில் சட்டைப் பொத்தானைத் தேடியபடி பேசாமல் இருந்துவிட்டார், கதவு சாத்தப்பட்டது. உள்ளே செல்போனில் ‘மூட்’டின் பூர்வீகத்தைத் தேடினார். பழைய ஆங்கிலத்தில் மனம், துணிச்சல் என்று பொருளாம். துணிந்து வெளியே வந்தார்.

“பவானி, ‘மூட்’னா ஆதியில துணிச்சல்டி! நானும் வரேன்!”

பவானி கலங்கிப்போனாள். “டேய் தம்பி, இன்னைக்கு ரொம்ப ஜாஸ்தியா இருக்குடா.”

“ரெஸ்ட் எடுங்க மாமா,” என்று கதவைச் சாத்தினான் சிலம்பரசன். “நண்டு உடம்புக்குச் சூடு, உங்களுக்கு ரசம் அனுப்புறேன்.”