பிரசவத்துக்கு வாங்கிய கார்

ஸ்கேனில் இரண்டு தெரிகிறது என்று என் மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, "எழுத்துல குடுத்திருக்காங்களா?" என்பதுதான். வண்டிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்தவனுக்கு வாய்ச்சொல் ஒரு பொருட்டில்லை. "குடுத்திருக்காங்கப்பா. சீல்கூட கீது," என்றாள் அவள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில். எங்கள் ஜனங்களிடம் இது எங்கும் எழுதிவைக்கப்படாத விதி. அதனாலேயே யாரும் மீறாத விதி. ஆனால் அந்தத் தாய்வீட்டில் தாய் இல்லை. என் மனைவி இறந்து மூன்று வருடமாகிறது. கோலார் தங்கவயலில், ஊரிகத்தில், என் அப்பாவின் சுரங்க வேலையால் எங்களுக்கு வந்த லைன் வீட்டில், நான் தனியாக இருக்கிறேன். பேத்தமங்களாவில் இருக்கும் என் தங்கை வந்து தங்கிப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் மகளை இங்கே அழைத்து வந்துவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அம்மா போனதிலிருந்து அவள் இந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. வருவாள், பாத்திரம் கழுவிவைப்பாள், சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிவிடுவாள்.

வளைகாப்பு முடிந்ததும் இங்கே வந்துவிடு என்று சொன்னபோது, "அதுக்கு வண்டி இல்லையேப்பா," என்றாள். "ரெண்டு கொழந்த. திடீர்னு கோலாருக்குக் கொண்டு போங்கன்னா இன்னா பண்ணுவீங்க? ஆட்டோ தேடுவீங்களா?"

நியாயமான கேள்வி. அன்றைக்கே கார் வாங்க முடிவு செய்தேன்.

வாழ்நாளில் ஆயிரக்கணக்கான கார்களின் ஆவணங்கள் என் கையைத் தாண்டிப் போயிருக்கின்றன. ஒன்றைக்கூட நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை. ஓட்டுநர் உரிமம் உண்டு. இளவயதில் அலுவலக ஜீப்பை நாலு அடி முன்னால், நாலு அடி பின்னால் எடுத்துக் காட்டி வாங்கியது. காலாவதியாகும் முன்பே ஒவ்வொரு முறையும் புதுப்பித்து, மருத்துவச் சான்றிதழ் இணைத்து, சட்டப்படி ஒரு குற்றம் சொல்ல முடியாதபடி வைத்திருக்கிறேன். வண்டி ஓட்டத்தான் தெரியாது.

அதனால் எதிர்வீட்டுக்காரரைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். அவர் முப்பது வருடம் வாடகைக் கார் ஓட்டியவர். இப்போது சர்ச் கமிட்டியில் சண்டை போடுவதைத் தவிர வேறு வேலை இல்லாதவர். நான் பெரிய தாளில் கட்டம் போட்டு, பத்து வண்டிகளின் நீளம், அகலம், உயரம், பின்சீட்டு, டிக்கி எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், காரு பாக்கப் போறமா, பொண்ணு பாக்கப் போறமா? ஜாதகமே எழுதி வெச்சிகிறீங்க," என்றார்.

முதலில் நான் தேர்ந்தெடுத்தது ஒரு சின்னக் கார். போட்டோ அனுப்பினேன். மகள் பதில் சொன்னாள்: "பின்னாடி ரெண்டு பேபி சீட் வெச்சா நடுவுல நான் எங்கப்பா உக்கார்றது? நான் இன்னா ஸ்கேலா?"

அதுவும் நியாயம். அடுத்து நீளமான கார் ஒன்றைப் பார்க்கக் கோலார் போனோம். இரண்டு குழந்தை இருக்கைகளை வைத்து அளந்து பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் பிறக்காத குழந்தைக்கு ஒரு சட்டைகூட வாங்கக்கூடாது என்று தங்கை கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். தொட்டில் கூடாது, கொலுசு கூடாது, சீட்டும் கூடாது. கார் விற்கும் கடையிலும் வைத்துக் காட்ட ஒரு குழந்தை சீட் இல்லை. நான் குழந்தை இருக்கையின் அகலத்தைக் கணினியில் தேடிக் குறித்துக்கொண்டு, வீட்டில் ஒவ்வொரு பொருளாக அளந்தேன். தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தின் வயிறு கிட்டத்தட்டச் சரியாக வந்தது. பச்சை ஒன்று, ஆரஞ்சு ஒன்று, இரண்டையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

கடையின் விற்பனையாளர் டை கட்டியவர், மரியாதையானவர். நான் பின்சீட்டில் இந்தப் பக்கம் ஒரு குடமும் அந்தப் பக்கம் ஒரு குடமும் வைத்து பெல்ட் மாட்டுவதைப் பார்த்துவிட்டு, "தண்ணி ரொப்பட்டுமா சார், காலியாவே இருக்கட்டுமா?" என்று கேட்டார். எதிர்வீட்டுக்காரரை நடுவில் உட்காரச் சொன்னேன். அவர் சின்ன உருவமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

"முட்டி இடிக்குதா?" என்றேன்.

"முட்டி இடிக்கல. மானம்தான் போவுது," என்றார். "கதவ சாத்துங்க சார், பாக்கறாங்க."

அந்தப் போட்டோவை அனுப்பினேன். மகளிடமிருந்து சிரிக்கிற பொம்மைகள் ஒரு வரிசை வந்தன. பத்து நிமிடம் கழித்து: "உயரம் கம்மிப்பா. குனிஞ்சி ஏறி எறங்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்றாங்க."

மூன்றாவதாக, மூன்று வரிசை இருக்கை உள்ள உயரமான வண்டி. அதில் குனிய வேண்டியதில்லை. குடங்களும் எதிர்வீட்டுக்காரரும் தாராளமாக உட்கார்ந்தார்கள். மகள் சொன்னாள்: "அது நம்ம சந்துல நொழையாதேப்பா. முனை வீட்டுத் துவைக்கிற கல்லு இடிக்கும்."

டேப் எடுத்து அளந்தேன். அவள் சொன்னது சரி. மூன்று விரல் அகலம் போதவில்லை. அந்தக் கல் வீட்டு எல்லைக்கு வெளியே இருக்கிறது. யாருக்கு மனு எழுத வேண்டும், எந்தப் பிரிவைக் குறிப்பிட வேண்டும், நகல் யாருக்குப் போக வேண்டும் எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் மனு நகரும் வேகமும் எனக்குத் தெரியும். வாழ்நாளில் முதல் தடவையாக மனுவை விட்டுவிட்டு, அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போய் முனை வீட்டு அம்மாள் முன்னால் நின்றேன். அவர் மைசூர்பாகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பேரப்புள்ளைங்க வரதுக்கா? எடுத்துக்கோங்க. வாஷிங் மிஷின் வந்தப்புறம் அதும்மேல காக்காதான் குந்துது," என்றார்.

கல் போன அன்றே வண்டிக்குப் பணம் கட்டினேன். பதிவுப் படிவங்களை நானே நிரப்பினேன். கடையின் ஏஜென்ட்டுக்கு அதில் வருத்தம்.

மகளிடம், கல்லை எடுத்தாயிற்று என்று மட்டும் சொன்னேன். "யாருப்பா ஓட்டுவாங்க?" என்றாள். "எதிர்வீட்டு அங்கிள் ஊர்ல இல்லாத நாளு வலி வந்தா?"

எனவே அறுபத்தாறு வயதில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். அதன் உரிமையாளர் எனக்குப் பழைய ஆள். என் மேசைக்கு எதிரில் கையில் ஃபைலோடு பதினைந்து வருடம் நின்றவர். சுரங்கத்தில் தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பொட்டல் வெளியில் அவரே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார்.

"கிளட்ச்ச ஸ்வல்ப மெதுவா உடுங்க சார். உங்க ஆபீஸ்ல ஃபைல உடுவீங்களே, அந்த மாரி."

மூன்றாம் நாள் வண்டி கொஞ்சம் சொன்னபடி கேட்டது. அந்த சந்தோஷத்தில், மகள் எழுப்பிய ஒவ்வொரு பிரச்சினையையும் நான் எப்படித் தீர்த்தேன் என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன். பின்சீட்டு, உயரம், சந்து, கல், இப்போது இது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"இன்னாய்யா சிரிப்பு?"

"கோச்சிக்காதீங்க சார். இது உங்க வேல சார்."

"என் வேலையா?"

"நீங்க எப்பனா ஒருத்தர முடியாதுன்னு சொல்லிகிறீங்களா? போட்டோ சின்னதா கீதுன்னு அனுப்புவீங்க. பெரிசா எடுத்துனு வந்தா அட்ரஸ் சரியில்ல. அத்த சரி பண்ணினு வந்தா கையெழுத்து ஒத்துவரல. எல்லாத்தயும் மொத நாளே பாத்துட்டிருப்பீங்க. ஆனா ஒரு தடவைக்கு ஒண்ணுதான் சொல்லுவீங்க. நாலாவது தடவ அவனே வரமாட்டான். உங்க பொண்ணாச்சே சார், சும்மா இருக்குமா?"

வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. அவர் அதற்கும் கிளட்ச்சைத்தான் குறை சொன்னார்.

அவர் சொன்னது சரி. நிராகரித்தால் மேல்முறையீடு வரும். ஏன் என்று எழுத வேண்டும். ஒரு குறையைச் சுட்டித் திருப்பி அனுப்பினால் எதுவும் வராது. இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தருவதில்லை, நாற்காலியே கற்றுக்கொடுத்துவிடும். நான் அதில் தேர்ந்தவன். அப்படித் தேர்ந்தவனுக்கு, தன் மனு நாலு தடவை திரும்பி வந்தும் புரியவில்லை. வர விருப்பமா என்று அவளிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் காலை, வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கியடிக்கும் ரயிலில் ஏறிப் பெங்களூர் போனேன். மகளின் மாமியார் கூடத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மகள் சோபாவில் இரண்டு தலையணைக்கு நடுவில் சாய்ந்திருந்தாள்.

"இன்னும் எத்தன குறை பாக்கி வெச்சிருக்க?" என்றேன். "மொத்தமா சொல்லிடு. ஒரே தடவையில சரி பண்ணிடறேன்."

அவள் நடிக்கவில்லை. "பணம் கட்டிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"கட்டிட்டேன். சனிக்கிழம வண்டி வருது."

"நீங்க வாங்க மாட்டீங்கன்னு நெனச்சேன்ப்பா." வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். "எதுனா ஒண்ணு சொல்லித் தள்ளிப்போடுவீங்க, நானும் இங்கயே இருந்துடலாம்னு நெனச்சேன். மூணு வாரம். மூணே வாரத்துல முடிஞ்சிடுச்சி, இல்ல?"

தரையில் கிடந்த ஒரு பீன்ஸ் காம்பை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"அம்மா நாலு வருசம் டயாலிசிஸ்க்கு கோலாருக்கு பஸ்ல போனாங்க. வாரத்துக்கு ரெண்டு நாளு. பங்காருபேட்டைல எறங்கி, வேற பஸ்ஸுக்கு நின்னு. திரும்பி வரும்போது வாந்திக்கு ஒரு பிளாஸ்டிக் கவரு மடிச்சி முந்தானைல சொருகினு வருவாங்க. ஒரு சின்ன காரு வாங்கலாமான்னு உங்கள கேட்டாங்க இல்ல?"

கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்பதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் வருடம், புகை விதி மாறப்போகிறது, பொறுத்து வாங்கலாம் என்றேன். அடுத்த வருடம், பட்ஜெட்டில் வரி எப்படி வருகிறது என்று பார்க்கலாம் என்றேன். வேலூரில் அவளுடைய அண்ணன் பழைய கார் ஒன்று இருக்கிறது என்றபோது, தமிழ்நாட்டு வண்டிக்குத் தடையின்மைச் சான்று வாங்கி இங்கே மறுபதிவு செய்வது எவ்வளவு பெரிய வேலை என்று விளக்கினேன். பிறகு, நிறுத்த இடமில்லை என்றேன். அத்தனையும் உண்மை. ஒன்றுக்குக்கூட ஆதாரமில்லாமல் இல்லை.

"வேணாம்னு ஒரு நாளும் நான் சொல்லலியேம்மா," என்றேன்.

"ஆமாப்பா. ஒரு நாளும் சொல்லல," என்றாள். "அதான்."

உள்ளே குக்கர் விசில் அடித்தது. அவள் அது அடங்கும்வரை பொறுத்தாள்.

"அந்தக் குடம் போட்டோவப் பாத்து சிரிச்சேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். பொறக்காத புள்ளைங்களுக்கு இவ்ளோ பண்றாரு. கல்லையே எடுத்துட்டாரு. அப்ப முடியும்தானேப்பா? முடியாதுன்னு நெனச்சிருந்த வரைக்கும் எனக்குக் கோவம் இல்ல. அப்பா அப்படித்தான்னு இருந்துட்டேன். இப்ப அந்த வண்டியில என்னால ஏற முடியாது. அந்த ஊட்ல படுக்கவும் முடியாது. நான் வரல."

நான் ஒரு மனுவை இப்படி நேருக்கு நேராக நிராகரித்ததில்லை. அதற்கு ஒரு நேர்மை வேண்டும். அது அவளுக்கு என்னிடமிருந்து வந்ததல்ல.

என் வாயில் பதில் இருந்தது. தலைப்பிரசவம், ஊர் என்ன சொல்லும், அத்தை எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டாள். மூன்று காரணங்கள் வரிசையில் நின்றன. நான் சொல்லவில்லை. அவளுடைய மாமியார் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "நான் பாத்துக்கறேன் சம்பந்தி, கவலப்படாதீங்க," என்றார். நல்ல காபி. குடித்துவிட்டு மதிய ரயிலுக்கு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை வண்டி வந்தது. எதிர்வீட்டுக்காரர் சர்ச் ஆளாக இருந்தாலும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் அவர்தான் வைத்தார். தங்கையிடம், பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பது நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன். அவள் நம்பினாள். நான் சொல்கிற காரணங்கள் எப்போதும் நம்பும்படியாகவே இருக்கும்.

குழந்தைகள் எட்டாம் மாதக் கடைசியில் பிறந்தார்கள். ஒரு பெண், ஒரு பையன். மாப்பிள்ளை செய்தி அனுப்பினார். பத்து நாள் கழித்து மகள் போனில் பேசினாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "வந்து பாருங்கப்பா," என்றாள். பிறகு, "ட்ரெயின்ல வாங்க," என்றாள்.

ரயிலில்தான் போனேன். இரண்டு பேரையும் மடியில் வைத்தார்கள், ஒருவர் பின் ஒருவராக. பெண் குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. மாலை ரயிலுக்குத் திரும்பிவிட்டேன். தங்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை.

ஓட்டாமல் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும். வாரத்துக்கு ஒருமுறையாவது எடுக்க வேண்டும். நான் செவ்வாய்க்கிழமை எடுக்கிறேன். கோலார்வரை போய், ஆஸ்பத்திரி வாசலில் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் என்னோடு வந்தார். ஏன் சார் எப்பவும் இந்த ரோடே என்றார். ரோடு நல்லா இருக்கு என்றேன்.

என் வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு நாற்பத்தெட்டு நிமிடம். நான் மெதுவாக ஓட்டுகிறவன். தெரிந்தவர்கள் ஓட்டினால் இன்னும் குறையும். என் மனைவிக்கு ஒரு பக்கத்துக்கே இரண்டு மணி நேரம் ஆகும். வீடு வந்து சேர ஏன் இவ்வளவு நேரம், வழியில் யாரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று அவளிடம் நான் கேட்டிருக்கிறேன்.