விடைக்குறிப்பில் கோபுரம் இல்லை

எல்லாப் பள்ளிக்கூடங்களும் கைகழுவிய பிறகு ஒருவர் கடைசியாகப் படியேறி வரும் இடத்துக்கு டுட்டோரியல் என்று பெயர். அங்கே கணக்கு எடுப்பவளுக்கு, மரியாதைக்காக, டீச்சர் என்று பெயர். சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் அந்த மரியாதையை வாங்கிக்கொண்டிருக்கிறேன். எம்.எஸ்ஸி., பி.எட். முடித்து, அரசு வேலைத் தேர்வை மூன்று முறை எழுதி, நாலாவது அறிவிப்புக்காகக் காத்திருப்பவள். என் மாணவர்களில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். எல்லோருக்கும் வேண்டியது பத்தாம் வகுப்புக் கணக்கில் முப்பத்தைந்து மதிப்பெண், அவ்வளவுதான். வடிவியலை நம்பி வயிறு வளர்க்கும் சக ஜீவன்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. இருந்தாலும் கேளுங்கள்.

பதினாறும் பெற்று

எங்கள் கரஸ்பாண்டென்ட் அண்ணாச்சிக்கு ஒரே தத்துவம். வினாத்தாளில் வடிவியல் படம் ஒன்று, எட்டு மதிப்பெண். கிராஃப் ஒன்று, இன்னொரு எட்டு. இந்தப் பதினாறும் பெற்றால் பெருவாழ்வு வாழலாம். மீதிக்கு நாலைந்து தேற்றங்களை உருப்போட வேண்டும். ஏன் என்று அவர்கள் கேட்கக் கூடாது, நானும் சொல்லக் கூடாது. சொன்னால் குழம்பிவிடுவார்களாம்.

சேர்ந்த முதல் வாரம், எனக்கு இருந்த கொழுப்பில், யூக்ளிட் என்ற கிரேக்கரிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போகாத மனுஷன் என்று அரை மணி நேரம் பேசினேன். அண்ணாச்சி வாசலில் நின்று முழுவதையும் கேட்டார். வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டார். முகத்தில் கோபமே இல்லை. "நீங்க சொல்லுதது எல்லாம் சரிதான் டீச்சர். பேப்பரை யூக்ளிட்டா வந்து திருத்தப் போறாரு?"

படத்தில் காட்டியுள்ளபடி

பீர் முகமது பாய் கடையநல்லூர்க்காரர். வளைகுடாவில் ஒன்பது வருஷம் இருந்தவர். பத்தாவது பாஸ் என்று காட்டினால் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி முத்திரை வாங்கும் தொல்லை குறையும் என்று யாரோ சொல்லி, என்னிடம் வந்து சேர்ந்தார். பஸ்ஸில் வரும்போதே பிதாகரஸ் தேற்றத்தை முணுமுணுத்துக்கொண்டு வருவார். பக்கத்தில் உட்காருபவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஒதுங்கிக்கொள்வார்களாம்.

மாதிரித் தேர்வில் தேற்றத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார். 'படம் 4.33-இல் காட்டியுள்ளபடி' என்ற வரி உட்பட. விடைத்தாளை முன்னும் பின்னும் புரட்டினேன். படம் எங்கும் இல்லை. "பாய், படம் எங்கே?" என்றேன். நான் ஏதோ தெரியாமல் கேட்கிறேன் என்று என்மேல் பரிதாபப்பட்டார். "புக்குல இருக்குலா டீச்சர். திருத்துதவர்கிட்டயும் அதே புக்குதான இருக்கும்?"

ராஜாவுக்கும் கிடையாது

முத்துப்பேச்சி அக்கா வேறு ரகம். திருவேங்கடம் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டு ஊரில் அங்கன்வாடி உதவியாளர். பதினாலு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கிப் போட்டு, மூக்கைத் துடைத்துவிட்டு, தூங்கவைப்பவர். பத்தாவது பாஸானால் பணியாளர் ஆகலாம். மற்ற பாடங்களை எழுதித் தள்ளிவிட்டார், கணக்கு மட்டும் பாக்கி. இந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிகிறது. தாண்டிவிட்டால் கடைசிவரை உதவியாளர்தான். அதனால் அவர் ஒரு வகுப்புக்கும் மட்டம் போட்டதில்லை. எதையும் சும்மா நம்பியதும் இல்லை.

ஒரு நாள் எல்லோரும் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். உற்சாகப்படுத்துகிறேன் பேர்வழி என்று ஒரு கதை சொன்னேன். எகிப்து ராஜா யூக்ளிட்டைக் கூப்பிட்டு, வடிவியல் படிக்கச் சுருக்கு வழி உண்டா என்று கேட்டாராம். ராஜாவுக்கென்று தனிப் பாதை எல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டாராம் அவர். வகுப்பே தலையாட்டியது. அக்கா மட்டும் கையைத் தூக்கினார். "ராஜாவுக்கே கிடையாதுன்னா, நம்ம வாசல் போர்டுல 'நூறே நாளில் பாஸ்'னு எப்படி டீச்சர் போட்டிருக்கு?"

நிழலை அளந்தோம்

தேல்ஸ் தேற்றத்தில்தான் வினை. அடிக்கு இணையாக ஒரு கோடு போட்டால் இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் பிரியும் என்றேன். "அது எப்படி அப்படித்தான் பிரியும்னு சொல்லுதீங்க?" என்றார் அக்கா. மனப்பாடம் பண்ணுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கில் சனி. தேல்ஸ் ஒரு கம்பை நட்டு, நிழலை வைத்தே பிரமிடின் உயரத்தைச் சொன்ன கதையை எடுத்துவிட்டேன். "நம்ம ஊர்ல கோபுரம் இருக்குலா" என்றார் அக்கா.

அன்று சாயங்காலம் சன்னதித் தெருவில் நான், அக்கா, பீர் முகமது பாய், ஒரு கம்பு, ஒரு டேப். கோபுர நிழல் தெருவில் நீண்டு கிடந்தது. பாய் டேப்பின் நுனியைப் பிடித்துக் குனிந்ததுதான் தாமதம், வரிசையாக எல்லாக் கடைகளிலும் ஷட்டர் சத்தம். ஆக்கிரமிப்பு அளக்க ஆபீஸில் இருந்து வந்துவிட்டார்கள் என்று பரவிவிட்டது. தட்டிகள் உள்ளே போயின. தெருவில் கிடந்த பெஞ்சுகள் மாயமாயின. ஐந்து நிமிஷத்தில் தெரு இரண்டு மடங்கு அகலமானது. கோபுரத்தின் உயரத்தில் நாங்கள் நாலைந்து அடி பிசகியிருக்கலாம், அதைப் பற்றிப் பேச வேண்டாம். ஆனால் சாய்ந்த வெயில், கம்பு, கோபுரம் மூன்றையும் மாறி மாறிப் பார்த்த அக்காவின் முகத்தில் அந்தத் தேற்றம் புரிந்த கணத்தை நான் பார்த்தேன். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த சம்பளம் அது ஒன்றுதான். வளையல் கடைக்காரர் மட்டும் கடைசிவரை என்னை மன்னிக்கவில்லை. "அளக்க வாரதா இருந்தா மொதல்லயே சொல்லணும்லா. நாங்களே ரெண்டடி உள்ள போயிருப்போம்."

முப்பத்திரண்டு

பரீட்சையில் தேல்ஸ் தேற்றமே வந்தது. வெளியே வந்த அக்கா, நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னார். ரிசல்ட்டில் முப்பத்திரண்டு.

விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தோம். ABC இல்லை, DE இல்லை. வெயில் எல்லா இடத்திலும் ஒரே சாய்வில்தான் விழும், அதனால் கம்பு செய்யும் முக்கோணத்துக்கும் கோபுரம் செய்யும் முக்கோணத்துக்கும் மூலைகள் சமம், மூலைகள் சமமானால் பெரியது சின்னதன் மடங்குதான் என்று அவர் பாஷையில் எழுதியிருந்தார். காரணம் இல்லாமல் ஒரு வரி இல்லை. ஐந்துக்கு ஒன்று போட்டிருந்தது. நாலு கிடைத்திருந்தால் பாஸ். திருத்தியவரை நான் குறை சொல்ல மாட்டேன். விடைக்குறிப்பில் கோபுரம் இல்லை, அவர் என்ன செய்வார்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத நான்தான் ஒரு பெண்ணின் பதினாலு வருஷக் காத்திருப்பில் மண்ணைப் போட்டேன். துணைத்தேர்வுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு. அடுத்த ஞாயிறு எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். "தேற்றத்தைத் திரும்பச் சொல்லித் தர வேண்டாம் டீச்சர், அது எனக்குத் தெரியும். தெரியாதவங்க எப்படி எழுதுதாங்களோ, அதைச் சொல்லித் தாங்க."

முப்பத்தொன்பது

சொல்லிக்கொடுத்தேன். கம்பு வேண்டாம், நிழல் வேண்டாம் என்றேன். படம் போடாமல் பரீட்சையில் கோட்டைவிட்டிருந்த பாயையே பக்கத்தில் உட்காரவைத்து ஒப்பிக்கவிட்டேன். "ABC என்ற முக்கோணத்தில்" என்று அக்கா ஆரம்பித்தால் மூச்சுவிடாமல் 'நிரூபிக்கப்பட்டது' வரை போவார். நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான். அண்ணாச்சி வாசலில் நின்று ரசித்துவிட்டுப் போனார்.

துணைத்தேர்விலும் தேல்ஸ் வந்தது. பாய்க்கு நாற்பத்தொன்று, படம் போட்டிருந்தார். அக்காவுக்கு முப்பத்தொன்பது, தேற்றத்துக்கு ஐந்துக்கு ஐந்து. பணியாளர் வேலைக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு, அதே வேகத்தில் அல்வாப் பொட்டலத்தோடு மாடியேறி வந்தார். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. அல்வாவை வாயில் போடப்போன என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஒரே ஒரு உதவி டீச்சர். அது ஏன் அப்படின்னு இன்னொரு தடவை சொல்லித் தாங்க, மனப்பாடம் பண்ணுனதுல மறந்துபோச்சு."

ஆக, தெரிந்ததை மறக்கவைத்துப் பாஸாக்கிவிட்டு, பாஸான பிறகு அதே ஆளுக்கு அதையே மறுபடி புரியவைப்பதுதான், தோழர்களே, வடிவியல் வாத்தியார் வேலை.