அம்மா பாடவிருந்த இடம்

பலெர்மோவில் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்குக் கெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, இழுபட்டாலும் மொழிபெயர்க்க முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னை. ஒருவரும் கைதூக்கி விடாமல், இருபத்தாறு பேருக்கு வேலை கொடுக்கிற துப்புரவுக் கம்பனி நடத்துகிறேன். இந்த ஊர் டொக்டர்மாரில் பாதிப் பேரின் வீட்டுச் சாவி என் அலுமாரியில் தொங்குகிறது. இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? அந்தப் பக்கம் அதிகாரி சொன்னதை இந்தப் பக்கம் ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் சொல்வேன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயருக்கு நான் தகுதியில்லை. பத்து வயதில் ஒருமுறை மாற்றிச் சொல்லியிருக்கிறேன்.

அப்போது நாங்கள் மன்னாரிலிருந்து வந்து இரண்டு வருடம். போர்கோ வெக்கியோ என்ற பழைய குடியிருப்பில் ஓர் அறையில் இருந்தோம். அம்மா பொலித்தேயாமா பக்கம் ஓர் இத்தாலியப் பெண்மணியின், சின்யோராவின், வீட்டில் வேலை செய்தார். நான் பள்ளிக்கூடத்தில் இத்தாலிய மொழியை அள்ளிக்கொண்டேன். அம்மா சந்தைக்கும் வாளிக்கும் வேண்டிய சொற்களோடு நின்றுவிட்டார் என்பது என் நினைப்பு. சின்யோரா கூண்டில் ஒரு மஞ்சள் குருவி வளர்த்தார். காலையில் அதன் முன்னால் நின்று “கான்தா, கான்தா”, பாடு பாடு என்று கெஞ்சுவாராம். அம்மா வீட்டுக்கு வந்து அதை அப்படியே செய்துகாட்ட, அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறுவார்.

சின்யோரா வியோலா வாசிப்பவர். வயலின் போலத் தோளில் வைப்பதல்ல. முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில் இழுப்பது, ஆட்டுக்குடல் நரம்பு. வியாழக்கிழமைகளில் இன்னும் மூன்று பேர் அதே வாத்தியத்தோடு வருவார்கள், நாலைந்து பேர் பாட வருவார்கள். இவர்களை நடத்த ஒரு மெலிந்த மாயெஸ்த்ரோ. அவர் நானூறு வருடத்துக்கு முந்திய கோயில் பாட்டொன்றை எடுத்து, நடுநடுவே தான் புதிதாக எழுதியதைச் செருகியிருந்தார். பழையது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். புதியது வந்து இடிக்கும், குரலும் குரலும் உரசும், பிறகு ஒன்றுமே நடக்காததுபோலப் பழையது தொடரும். பிழை விடுகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

தவக்காலம். பள்ளிக்கூடம் இல்லாத ஒரு வியாழக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். நிலம் துடைத்துக்கொண்டிருந்த அம்மா, வியோலாக்கள் நீளமாக இழுத்த ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, தன்னை அறியாமல் ஒப்பாரி எடுத்துவிட்டார். பெரிய வெள்ளிக்கு எங்கள் ஊர்க் கோயிலில் பெண்கள் பாடுவது. மாதா மகனை மடியில் போட்டு அழுவது. உள்ளே வில்கள் நின்றன. எல்லோரும் கதவடிக்கு வந்துவிட்டார்கள். அம்மா பயந்துபோய் வாளியைத் தூக்கினார்.

சின்யோரா என்னைக் கூப்பிட்டார். பழையதுக்கும் புதியதுக்கும் நடுவில் வைக்க மாயெஸ்த்ரோ இவ்வளவு நாளாக எதையோ தேடிக்கொண்டிருந்தாராம். அது இதுதானாம். கோயிலில் நடக்கப்போகும் கச்சேரியில் அம்மா வந்து பாட வேண்டுமாம். எனக்குச் சந்தோஷம் தருவதாக நினைத்து இன்னொன்றும் சொன்னார்: என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிவரச் சொல்லி என் டீச்சரிடம் கதைப்பாராம்.

வகுப்பில் ஏற்கெனவே என் எண்ணெய்த் தலையை மோந்து பார்த்து மூக்கைப் பொத்துவார்கள். இனி அம்மா முந்தானையைத் தலையில் போட்டு, மார்பில் அடித்து அழுவதையும் பார்க்கப்போகிறார்களா?

“என்னவாம், பிள்ளை?” அம்மா கேட்டார்.

“வேலை செய்யேக்கை பாட வேண்டாமாம். அவையின்ரை வாசிப்புக் குழம்புதாம்.”

அம்மா சின்யோராவைப் பார்த்தார். சின்யோரா இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து, சிரித்த முகத்தோடு பதிலுக்கு நின்றார். பிறகு அம்மா என்னைப் பார்த்தார், கொஞ்ச நேரம்.

“ஓம். எனக்குக் கூச்சமாக் கிடக்கெண்டு சொல்லு.”

அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா பாடவே இல்லை. அந்தப் பெரிய வெள்ளிக்குக் கோயிலில் மற்றப் பெண்கள் ஒப்பாரியைத் தொடங்க, வாயை மூடிக்கொண்டு செபமாலையை உருட்டினார். தொண்டை சரியில்லை என்று அப்பாவிடம் சொன்னார். அம்மா காலமாகி இப்போது ஆறு வருடம்.

போன தவக்காலத்தில், என் ஆட்கள் துப்புரவு செய்கிற கோயிலொன்றில் கச்சேரி. முடிந்ததும் கதிரை அடுக்குவிக்க நான் பின்னால் நின்றேன். நாலு வியோலா, ஆறு குரல், அதே பாட்டு. பழையது போனது, புதியது வந்து இடித்தது. இந்த முறை பிழையென்று தோன்றவில்லை. நடுவில் எல்லாக் குரலும் நின்றுவிட, ஒரேயொரு வியோலா அம்மாவின் ஒப்பாரியைச் சொல் இல்லாமல் வாசித்தது. மாயெஸ்த்ரோ அந்த இடத்தை வேறொரு குரலுக்குக் கொடுத்திருக்கவில்லை.

கதிரைகளை அடுக்காமலே வெளியே வந்துவிட்டேன். பாட வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், எனக்குக் கூச்சம் என்று யாராவது பதில் சொல்வார்களா? நான் சொன்ன பொய்க்கு அது பதிலே இல்லை. சின்யோரா கேட்டதற்குத்தான் பதில். கான்தா என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவரே அம்மாதானே. பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், பொய் நன்றாகப் பலித்துவிட்டது என்பது மட்டும்.